மிஸ் டோர்க்காஸின் கடைசி அத்தியாயம்

மார்ச் 30, ஞாயிறு

அட்சயா நூலகத்திலிருந்து ஓர் ஆங்கில நாவல் கொண்டுவந்து தந்தாள். இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து. குதிரை வண்டி, நடனம், பெரிய வீட்டில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. "டோட்டலி கிளீன், அம்மா. மாமிக்கும் வாசிச்சுக் காட்டலாம்" என்றாள் என் மகள். மாமி என்றால் இவருடைய அக்கா, என் மச்சாள் மங்கையற்கரசி. கல்யாணம் கட்டாதவர், எங்களோடுதான் இருக்கிறார். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணைக் கெடுத்துவிட்டது. இப்போது இருதயத்திலும் வந்து நிற்கிறது. மே 14 ஒப்பரேஷன். அதுவரை மனதை வேறு எங்காவது வைத்திருக்க ஒரு கதை நல்லதுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

வேலையால் வந்ததும் தேத்தண்ணியோடு இருந்துவிடுகிறோம். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். என்ன சுகமான கதை! கையுறை போட்ட கையைக் கப்டன் றென்விக் தொட்டதற்கே செலினாவுக்கு மூச்சு முட்டுகிறது. தோட்டத்தில் தனியே நடந்தால் பேர் கெட்டுவிடும்.

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். "உதென்ன இங்கிலாந்தோ, எங்கட ஊரோ?"

முத்தம் எப்போது வரும் என்று எனக்கு ஒரே அவதி. இந்த வயதில்!

ஏப்ரல் 9, புதன்

கப்டனுக்கு ஓர் அக்கா. மிஸ் டோர்க்காஸ். அவனைவிட மிகவும் மூத்தவள், சாம்பல் நிற உடுப்பு, அதிகம் பேசமாட்டாள். பூட்டிய அறையின் திறப்புச் சாவி அவளிடம்தான். உள்ளே பைத்தியமா, புதையலா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் கோப்பியைக் கேட்பதுபோல சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்குள்ள ஒரு தொட்டில் இருக்கும்."

ஏப்ரல் 10, வியாழன்

தொட்டில்தான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கதையெண்டால் உப்பிடித்தானே" என்றார். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றைய அத்தியாயம்: கப்டன் தன் தாயின் கல்லறைக்குப் பூக்கொண்டு போகிறான். டோர்க்காஸ் மேல்மாடி ஜன்னலில் நின்று பார்க்கிறாள். அவ்வளவுதான். நான் சொல்லி முடிக்கவில்லை, மச்சாள் எழும்பிவிட்டார். "உயிரோட நிக்கிறவளுக்கு முன்னால... போதும் பிள்ளை, மூடு." சுவரைத் தடவித் தடவித் தன் அறைக்குப் போனார்.

சாப்பிடவும் வரவில்லை. இவர் கதவில் தட்டி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நான் கதவடியிலேயே நின்றேன். ஏன்?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நித்திரை இல்லை. இவர் கடைக்குட்டி. இவர் பிறக்கும்போது மாமியாருக்கு வயது நாற்பத்தாறு. அதற்கு முந்திய வருடம் மச்சாள் படிப்பை நிறுத்திவிட்டு வவுனியாவில் சித்தி வீட்டில் போய் நின்றவராம். இதெல்லாம் எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை.

வேண்டாம். நாவல் வாசித்துப் பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு.

ஏப்ரல் 27, ஞாயிறு

இவர் கோயில் கலண்டரைப் பார்த்துச் சித்திராபூரணையை வட்டமிட்டார். மே 11. மாமியார் செத்ததிலிருந்து தாய்க்காக ஒவ்வொரு வருடமும் அந்த விரதம் பிடிக்கிறார். "இந்த முறை அக்கான்ர ஒப்பரேஷனுக்கும் சேத்து அம்மாட்டைக் கேக்கப்போறன்" என்றார். மச்சாளின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வருடா வருடம் அந்த நாளில் மச்சாள் வீட்டில் நிற்பதில்லை. பஸ் ஏறிச் சென் ஜேம்ஸ் ரவுணில் சிநேகிதி வீடு என்று போய்விடுவார். இந்த நெஞ்சோடு இந்த முறை போக முடியாது.

மே 2, வெள்ளி

கேட்டுவிட்டேன். நாவலை மடியில் வைத்துக்கொண்டு, "டோர்க்காஸ் ஏன் அவனிட்டைச் சொல்லேல்லை, மச்சாள்?" என்றுதான் கேட்டேன்.

நாவலின் அட்டையைத் தடவினார். "தாய்க்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருப்பாள்."

பிறகு என் கையைப் பிடித்தார். "தாய் இருக்கேக்க பிள்ளை உந்த விரதம் பிடிக்கக்கூடாது, நிலாணி. அவன் பிடிக்கத் தொடங்கின வருசம் எனக்குச் சீனி வந்தது. பிறகு கண். இப்ப நெஞ்சு. அவனுக்குச் சொல்லிப்போடாதை."

அதெல்லாம் ஒன்றுமில்லை, தற்செயல் என்றேன். ஆனால் எனக்கே பயமாயிருக்கிறது. 11 விரதம், 14 ஒப்பரேஷன். மூட நம்பிக்கை என்று சிரிக்கிறவள் நான். சிரிப்பு வருகுதில்லையே!

மே 8, வியாழன்

முடிவைத் தனியே வாசித்துவிட்டேன். கப்டனுக்கும் செலினாவுக்கும் கல்யாணம். முத்தமும் வந்தது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் டோர்க்காஸ் காய்ச்சலில் செத்துப்போகிறாள், பெற்றவள் தான் என்று சொல்லாமலே. அவன் "நல்ல அக்கா" என்று கல்லில் எழுதி வைக்கிறான்.

இதை எப்படி நான் மச்சாளுக்கு வாசிப்பது?

மே 10, சனி

வாசிக்கவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் வாயில் வந்ததைச் சொன்னேன். டோர்க்காஸ் படியால் இறங்கி வருகிறாள். திறப்பை அவன் கையில் கொடுக்கிறாள். உண்மையைச் சொல்கிறாள். அவன் கோபப்படுகிறான், குதிரையில் ஏறிப் போகிறான், பொழுதுபட முன் திரும்பி வருகிறான்.

"திரும்பி வாறானோ?" என்று கேட்டார்.

"ஓம் மச்சாள். வாறான்."

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? நாளைக்கு விரதம்.

மே 11, ஞாயிறு

விடிய மீன் பொரிக்கிற மணத்தில் எழும்பினோம். சித்திராபூரணையன்று மீன்! குசினியில் மச்சாள். கண் தெரியாத மனுசி, விரலைச் சுட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். இவர் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு ஓடி வந்தார்.

"விசரே அக்கா உங்களுக்கு? இண்டைக்கு அம்மான்ர விரதம்!"

"அது தாய் இல்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதமடா, வாகீசன்" என்றார் மச்சாள். "உனக்கில்லை. இரு, சாப்பிடு."

இவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். அதில்தான் விளங்கியிருக்க வேண்டும். உடுப்பை மாற்றி, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபோன் எடுக்கிறார் இல்லை. மச்சாள் வாசலைப் பார்த்த கதிரையிலேயே இருந்தார். கடவுளே, நான் சொன்ன பொய்க் கதையை நம்பி இருக்கிறார்.

பொழுதுபட்ட பிறகு கார்ச் சத்தம். நெற்றியில் திருநீறு இல்லை, கோயிலுக்குப் போகவில்லை. ஆறிப்போன மீனை நின்றபடியே தின்றார், முள்ளையும் ஒழுங்காக எடுக்காமல்.

மே 14, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் முடியும் என்றவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இவர் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. நான்தான் காரணம் என்றால்—

மே 1, வெள்ளி

ஒரு வருடமாக இந்த டயறிக் கொப்பியைத் தொடவில்லை. இன்று சித்திராபூரணை. வெள்ளிக்கிழமையும்கூட. இவர் வேலையால் வரும்போது மீன் வாங்கி வந்தார். "அக்கா, தலை உங்களுக்கு" என்றார். இன்னும் அக்காதான். வீட்டில் ஒருவரும் ஒன்றையும் மாற்றிக் கூப்பிடவில்லை.

சாப்பிடும்போது அட்சயா சொன்னாள்: "மாமி, அந்த புக்கில டோர்க்காஸ் பாவம் என்ன? கடைசிவரைக்கும் சொல்லாமலே செத்துப்போனா."

நான் அவசரமாய்க் குழம்பை எடுத்து நீட்டினேன்.

"தெரியும்" என்றார் மச்சாள். "உன்ர அம்மா அண்டைக்கு வாசிக்கேக்க ஒரு பக்கமும் திருப்பேல்லை. எனக்குக் கண்தானே தெரியாது."

இவர் முள்ளை எடுத்து எடுத்து, மீனை மச்சாளுடைய சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.