பதினேழு பேருக்கும் காய்ச்சல்

அன்புள்ள டீச்சர்,

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு மருமகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளும் இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையை மாற்றப்போகிறார்கள் என்று மறுபடியும் கதை தொடங்கியிருக்கிறது. போன முறை பரீட்சைக்குத் தோற்றாத, எழுத வராத பிள்ளைகளின் விபரத்தை அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "அன்ரி, கட்டங்கள் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட தாள். சுட்டெண், பெயர், முகவரி, கடைசியில் காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தைக் கண்டதும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன்.

சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் பெயர்களை வரிசையாக எழுதிய தாளைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான். கலியாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைக்கூட மகள் என் கண்ணில் படாமல்தான் வைத்திருந்தாள். "அம்மாட்டக் காட்டினா அடுப்புக்குள்ள போட்டிடுவா" என்று மருமகனிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்கட்டும். அப்படி ஒரு தாளை நான் உண்மையிலேயே அடுப்புக்குள் போட்டவள் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கணக்கும் நான் தமிழும் படிப்பித்த அந்தப் பள்ளிக்கூடம் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்கும் சம்பூருக்கும் இடையில் இருந்தது. நீங்கள் அந்த ஊரிலேயே இருந்தீர்கள். நான் திருகோணமலை டவுனிலிருந்து லோஞ்ச் படகில் போய் வருவேன். காலையில் இறங்குதுறையில் ஒரு சோதனை, அக்கரையில் ஒரு சோதனை, பின்னேரம் அதே இரண்டும் தலைகீழாக. நான் வந்து சேரும்போது முதற்பாடம் பாதி முடிந்திருக்கும். அதிபருக்குத் தெரியாமல் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வீர்கள். "உங்கட பிள்ளையளுக்குக் கவிதைக்குப் பதிலாப் பின்னம் படிப்பிச்சிட்டன். பறவாயில்லைத்தானே?" என்று கேட்பீர்கள்.

அந்த வருடம்தான் டவுனிலிருந்த கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சாதாரண தரத்துக்கு ஒரே தடவையில் வைக்கும் பரீட்சை மட்டும் போதுமா, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் கொடுக்கும் புள்ளிகளையும் சேர்க்கலாமா என்று கருத்துக் கேட்டிருந்தார்கள். டவுனில் கூட்டம் ஒன்றும் வைப்பதாக எழுதியிருந்தது. சுற்றறிக்கை என்றால் படித்துக் கையெழுத்து வைத்துவிட்டு மறந்துவிடுவது எங்கள் வழக்கம். நீங்கள் மறக்கவில்லை.

ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை பிடித்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. டிசம்பரில், மாரி அடித்து ஊற்றும்போது, வெள்ளம் ஒரு பக்கம் ஷெல் ஒரு பக்கமென்று இருக்கும்போது பரீட்சை வைக்கிறார்கள் என்று தொடங்கினீர்கள்.

"பதினொரு வருசம் படிச்ச பிள்ளை, அந்த ரெண்டு கிழமைக்குள்ள ஆமிச் சென்றியில மறிபட்டா எல்லாம் போச்சு. இதென்ன நியாயம் டீச்சர்? அந்தப் பிள்ளையப் பற்றி எங்களுக்குத் தெரியாதோ? நாங்க குடுக்கிற புள்ளிக்குப் பெறுமதி இல்லையோ?"

நான் விடவில்லை. "எங்களுக்குத் தெரியும் எண்டதுதான் எனக்குப் பயம். இப்ப வினாத்தாள் சீல் வச்சு வருது. பிள்ளைக்குப் பேர் இல்லை, சுட்டெண் மட்டும்தான். வேற எங்கயோ இருக்கிற ஆள் திருத்துறார். அவரை ஒருத்தரும் வெருட்ட ஏலாது. நாங்க புள்ளி போடத் தொடங்கினா, இன்னாருக்குக் கூட்டிப் போடு எண்டு எங்கட வீட்டுக்கு ஆக்கள் வருவினம். அப்ப என்ன செய்வீங்க?"

"பயத்தை வச்சுக்கொண்டு சட்டம் எழுத ஏலாது."

"பயமில்லாத ஆக்கள் எழுதின சட்டங்களுக்குள்ளதான் நாங்க மாட்டுப்பட்டுக் கிடக்கிறம்."

நீங்கள் பலமாகச் சிரித்தீர்கள். அடுத்த வகுப்பிலிருந்து அதிபர் எட்டிப் பார்த்தார். உங்கள் பேச்சில் நியாயம் இருந்தது, டீச்சர். என் பேச்சிலும் இருந்தது. யார் சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

கூட்டத்துக்கு வெறும் வாயோடு போகக்கூடாது, கையில் ஆதாரம் வேண்டும் என்றீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் முந்தைய டிசம்பரில் பரீட்சைக்குத் தோற்றாத பதினேழு பிள்ளைகளின் விபரத்தை எடுத்தீர்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு, நீளமான காக்கி உறையை என்னிடம் தந்தீர்கள். "திங்கக்கிழமை கூட்டம். அதுக்கு முதல் ரைப் அடிச்சுக் குடுக்கோணும். டவுனில நீங்கதானே நிக்கிறீங்க." நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு லோஞ்சுக்கு ஓடினேன்.

கரை தெரியத் தொடங்கிய பிறகுதான் உறையைத் திறந்தேன். நேரம் போகட்டும் என்றுதான் திறந்தேன், வேறு எண்ணம் இல்லை. கோடு போட்டு, அழகான எழுத்தில், ஒன்றிலிருந்து பதினேழு வரை. பெயர், தகப்பன் பெயர், வீடு இருக்கும் ஒழுங்கை. கடைசிக் கட்டத்தில் காரணம். ஒன்றுவிடாமல் எழுதியிருந்தீர்கள். மூன்றாவதாக ரஜனி. 'அண்ணன் இயக்கத்துக்குப் போனதால் விசாரணைக்குப் பயந்து குடும்பம் இடம்பெயர்ந்தது. தற்போது மாமன் வீட்டில்.' ஒன்பதாவதாக யோகராசா. 'இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டதால் தாயார் ஒளித்து வைத்திருந்தார்.' எங்கே ஒளித்து வைத்தார் என்பதையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். இந்தப் பக்கத்து ஆமியின் கையில் விழுந்தால் ரஜனியின் வீடு போயிற்று. அந்தப் பக்கத்து இயக்கத்தின் கையில் விழுந்தால் யோகராசாவின் வீடு போயிற்று. பதினேழில் பன்னிரண்டு இப்படித்தான்.

உங்களை நான் மனதுக்குள் திட்டினேன். ஆனால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்கு விளங்கியது. வரவுப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விடாத ஆள் நீங்கள். "காரணம் எழுதாட்டி, வராதது பிள்ளையிட பிழையாப் போயிடும்" என்பீர்கள். நாங்கள் எல்லோருமே அப்படிப் பழக்கப்பட்டவர்கள். கட்டம் இருந்தால் நிரப்புவோம். நிரப்பினால் உண்மையை எழுதுவோம். வேறு யாராவது இப்படியொரு தாளை அந்தக் காலத்தில் எழுதியிருப்பார்களா? படிப்பிக்கிறவர்கள்தான் எழுதுவார்கள்.

கடலில் போடலாமா என்று யோசித்தேன். லோஞ்சில் அறுபது எழுபது பேர், பக்கத்தில் நேவிப் படகு. ஒரு பொம்பிளை கடுதாசியைக் கிழித்துத் தண்ணீரில் போட்டால் அத்தனை கண்ணும் திரும்பும். சோற்றுப் பெட்டிக்குள் வைக்கலாமா? அதைத்தான் முதலில் திறப்பார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன பிள்ளை, கடல் ஒத்துவரேல்லையோ? முகமெல்லாம் வேர்க்குது" என்று கேட்டார். ஓம் என்றேன். கடைசியில் அந்தத் தாளை வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு நடுவில் செருகினேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

இறங்குதுறையில் பெண்களுக்குத் தனி வரிசை. தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் ஓர் இளம் பெண் சீருடையில் நின்றாள். பையைத் திறந்து கட்டுரைக் கட்டை எடுத்து விரலால் தட்டினாள். நடுவில் வந்ததும் நிறுத்தினாள். மற்றத் தாள்களில் வளவளவென்று எழுத்து, இதில் மட்டும் கோடும் இலக்கமும்.

"மே மொனவாத?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள்.

"விபாகய" என்றேன். பரீட்சை. எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். "ஓ.எல். விபாகய. ளமயி." சாதாரண தரப் பரீட்சை, பிள்ளைகள்.

அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வெளியே மேசையில் இருந்தார். அவள் அந்தப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உடைந்த தமிழில், "நான் ரெண்டு தரம் மெத்ஸ் பெயில்" என்று சொல்லிச் சிரித்தாள். தாளைப் பழையபடி செருகி, பையை என் கையில் தந்தாள். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும்.

மறுநாட் காலை மகளை ரியூசனுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் தாளைப் பார்த்துப் புதிதாக எழுதினேன். பெயர் எடுத்துவிட்டேன். முகவரி எடுத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட எனக்கும் கை வரவில்லை. பதினேழு தடவை காய்ச்சல் என்று எழுதினேன். ரைப் அடிக்கிற இடத்தில் பத்துப்பேர் பார்ப்பார்கள் என்று அந்தக் கையெழுத்துத் தாளையே திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் கொடுத்தேன். உங்கள் தாளை அடுப்பில் வைத்துக் கரித்தூள் ஆகும்வரை அகப்பைக் காம்பால் கிண்டினேன்.

கூட்டத்துக்கு முதல் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அன்றைக்கு லோஞ்ச் பிந்திவிட்டது. நீங்கள் மண்டபத்துக்குள் வரும்போது எல்லோரும் இருந்துவிட்டார்கள். வந்த வேகத்தில் எழும்பிப் பேசத் தொடங்கினீர்கள். "எங்கட பிள்ளையள் ஏன் பரீட்சைக்கு வரேல்ல எண்டு தாளில விபரமா இருக்கு சேர். அதை ஒருக்கா வாசிச்சாப் போதும், நான் கதைக்கத் தேவையில்லை."

மேசையில் இருந்த அதிகாரி தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழே பார்த்தார்.

"பதினேழு பேருக்கும் காய்ச்சலோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அப்ப பரீட்சையை ஏன் மாத்துவான்? நுளம்புக்கு மருந்தடிச்சாச் சரிதானே" என்றார் அதிகாரி. மண்டபமே சிரித்தது. நீங்கள் மேசைக்குப் போய்த் தாளை வாங்கிப் பார்த்தீர்கள். என் எழுத்து உங்களுக்குத் தெரியாதா? திரும்பி என்னைத் தேடினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவ்வளவு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறீர்கள், சொன்னால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஓம் சேர்" என்றீர்கள். "எங்கட பக்கம் காய்ச்சல் கூட."

இன்னொரு சிரிப்பு. நீங்கள் உட்காரவில்லை. "காய்ச்சலில படுத்த பிள்ளைக்கும் போன வருசம் போனதுதானே சேர். அதுக்காவது ஒரு வழி செய்யுங்கோ" என்றீர்கள். இப்போது இருக்கிற முறையே இருக்கட்டும் என்று பெரும்பாலானவர்கள் கை தூக்கினார்கள். நான் முதலிலிருந்தே பேசிவந்த பக்கம்தான் வென்றது. நான் கை தூக்கவில்லை. தூக்க வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் உங்களை ஏற்றிவிட இறங்குதுறைக்கு வந்தேன். ஏசப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன். வரிசையில் நின்றபோது என் கையைப் பிடித்தீர்கள். "நான் யோசிக்கேல்ல டீச்சர். விசரி மாதிரி எல்லாத்தையும் எழுதிப்போட்டன். நீங்க பிள்ளையளைக் காப்பாத்திப்போட்டீங்க." உங்கள் கண் கலங்கியிருந்தது. நான், "பிள்ளையளை நினைச்சுத்தான்" என்றேன்.

அடுத்த டிசம்பரில் ரஜனி மறுபடி விண்ணப்பித்தாள். கணக்குப் பரீட்சை அன்று சண்டையில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அவளுக்குப் பிறகு கலியாணம் பேசிவிட்டார்கள். யோகராசா பிந்தி எழுதிச் சித்தியடைந்தான், வெளிநாட்டில் இருக்கிறான் என்று கேள்வி. நீங்கள், ஊர் முழுவதும் எழும்பி ஓடிய வருடத்தில், வெருகல் கடந்து மட்டக்களப்புப் பக்கம் முகாமொன்றில் இருந்து, சுவாசக் கஷ்டத்தோடு ஐந்தாறு நாள் படுத்துக் கண்ணை மூடிவிட்டீர்கள். செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. முகாமிலும் மரத்தடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்களாம். வரவு எழுதினீர்களோ என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை நினைத்துத்தான் என்று சொன்னேனே, அது சனிக்கிழமை காலையில் வந்த நினைப்பு. வெள்ளிக்கிழமை அந்தக் கிடுகு மறைப்புக்குள், அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது, எனக்கு ரஜனியும் நினைவில்லை, யோகராசாவும் நினைவில்லை. என் மகள் தனியாக நிற்பாளே என்பதுதான் முதலில் வந்தது. அடுத்ததாக ஒரு வசனம் வந்தது: இது என்னுடையது இல்லை, இன்ன டீச்சர்தான் எழுதித் தந்தவ. அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன், டீச்சர். உங்கள் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கணக்கில் தான் பெயிலான கதையைச் சொன்னாள், அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு இறங்குதுறையில் நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன், திருப்பித் தர ஆள் இல்லை. உங்கள் பெயரை வேறொருவர் முன்னால் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. இந்த மடலிலும் எங்கேயும் அதை நான் எழுதவில்லை.