பொட்டு வைத்த கார்டுகள்

26.9.2009, சனி
காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். பென்ஷன் கார்டு படிக்கும் மெஷினுக்குச் சார்ஜ் போட்டாயிற்று. மகனுக்கு ரப்பர், பென்சில் வாங்கியாச்சு. பல்பொடி மறந்து போச்சு.

பேங்க் மேனேஜர் போன். பேங்குகளைச் சோதிக்கிற பெரிய ஆபீசர் செவ்வாயன்று வருகிறாராம். சாணார்பட்டிப் பக்கம் நான் பென்ஷன் கொடுக்கும் ஊரைத்தான் பார்ப்பாராம். "கார்டு ஒழுங்கா ஓடலைன்னா பென்ஷன் சென்டரை மூடிருவாங்க, ஸ்டெல்லா."

மூடினால் முதியோர் பென்ஷனுக்குப் பழையபடி பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். என்னிடம் பென்ஷன் வாங்கும் பாண்டியம்மாவுக்கு முழங்கால் வேறு மடங்காது. என் வேலையும் போச்சு.

27, ஞாயிறு
மாதா கோயில், பிறகு நல்ல தூக்கம். எதிர்வீட்டில் ஆயுத பூஜை. பொரி, சுண்டல் வந்தது. சுண்டலில் உப்புக் கம்மி.

29, செவ்வாய்
சமுதாயக் கூடம் நிறையச் சனம். ஆபீசர் ஒரு அம்மா. பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, சிரிப்பே கிடையாது.

முதல் கார்டைச் செருகினேன். மெஷின் படிக்கவில்லை. இரண்டாவதும். மூன்றாவதும். அப்புறம்தான் கவனித்தேன். எல்லாக் கார்டிலும், அந்தத் தங்க நிறச் சிப்பு மேலேயே, சந்தனமும் குங்குமமும்!

"என்ன பாண்டியம்மா இது?"

"சோறு போடுறதுக்கு ஆயுத பூசையன்னைக்குப் பொட்டு வைக்காம இருக்கலாமா தாயி?"

மகனுக்கு வாங்கிய ரப்பர் நல்லவேளையாகப் பையிலேயே இருந்தது. சிப்பைத் தேய்த்துச் செருகினேன். ஓடியது! ஆபீசரம்மா ரப்பரைப் பாதியாகப் பிய்த்து, தானும் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். எத்தனை நல்ல மனசு. தேய்த்துக்கொண்டே பாண்டியம்மாவிடம் கேட்டார்:

"இந்தப் பொண்ணு காசைக் குறைச்சுக் குடுக்குதா? பயப்படாமச் சொல்லுங்க."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"குறைச்சுக் குடுத்தா பொட்டா வைப்போம்? வெளக்கமாத்தையில்ல எடுத்திருப்போம்!"

ஆபீசரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சென்டரை மூட மாட்டார்களாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. சந்தோஷம்தான்.

30, புதன்
மழை. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி. பாண்டியம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்க வேண்டும். மகனுக்கு வேறு ரப்பர்.

மெஷினைத் துடைக்க எடுத்தேன். அதன் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு. யார் வைத்தார்களோ, கார்டு செருகும் இடத்தை விட்டுத் தள்ளி, கவனமாக. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கமில்லை.

துடைக்கவில்லை.