இரண்டு திரையிலும் வெற்றி

ஜூன் 4

வாலுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் மெயில். வேலை போன பிறகு கோடிங் வகுப்பில் சேர்ந்தேன் இல்லையா, ஒரு விளையாட்டு செய்யச் சொன்னார்கள். நீங்கள் அந்த ஊரில், மகள் இங்கே. இருவருக்கும் ஒரே பலகை. கட்டத்தை முதலில் தொட்டவரின் நிறம் அதில் ஏறும், அதிகக் கட்டம் பிடித்தவருக்கு வெற்றி. கோடில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதில் எனக்கு அரை நாள் போயிற்று. கழுத்து கழன்று விழுகிறது.

லிங்க் கீழே. ஞாயிறு காலை அவளோடு விளையாடுங்கள். எனக்காக வேண்டாம்.

வாலுவின் அம்மா

ஜூன் 8

வாலுவின் அம்மாவுக்கு,

விளையாடினோம். நான்தான் ஜெயித்தேன், திரையிலேயே பெரிதாகப் போட்டது. கிடங்கில் வாரமெல்லாம் பெட்டி தூக்கிய கைக்கு இன்னும் வேகம் இருக்கிறது. "நீங்கதாம்ப்பா ஜெயிச்சீங்க" என்று போனில் அவளும் ஒத்துக்கொண்டாள். தோற்றதற்கு அழுதாளா? பரவாயில்லை, நீ செய்ததில் ஒன்றாவது ஒழுங்காக ஓடுகிறது.

வாலுவின் அப்பா

ஜூன் 9

வாலுவின் அப்பாவுக்கு,

எங்கே ஒழுங்காக ஓடியது? இங்கே அவள் திரையில் அவள்தான் ஜெயித்திருந்தாள். அவரவர் போன் அவரவர் விரலைத்தான் முதலில் எண்ணியிருக்கிறது. இரண்டு போனையும் இணைக்கிற நடுக் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு, அதுதான் முடிவு சொல்ல வேண்டும், நான் அந்த வேலையை அதற்குக் கொடுக்கவே இல்லை.

"அப்புறம் ஏண்டி அப்பா ஜெயிச்சாருன்னு சொன்ன?" என்று கேட்டேன். "அவரு சந்தோஷமா இருந்தாரும்மா, விடேன்" என்கிறாள்.

அதிலிருந்து மனசு சரியில்லை. நீங்கள் வீட்டை விட்டுப் போனது யார் தப்பு என்று உங்களிடம் என்ன சொல்கிறாள்? என்னிடம், "அப்பா மேலதாம்மா தப்பு" என்பாள்.

வாலுவின் அம்மா

ஜூன் 11

அன்புள்ள உனக்கு,

சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னிடம், "அம்மா மேலதாம்ப்பா தப்பு" என்பாள். வாரா வாரம் சொல்வாள். பிள்ளைக்கே தெரிகிறது, உனக்குத்தான் தெரியவில்லை என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் இங்கே கிடந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை நம் இருவரையும் மாறி மாறி ஜெயிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எனக்கும் அலுத்துவிட்டது. சனிக்கிழமை வரலாமா? நியாயம் பேச வரவில்லை.

நான்தான்

ஜூன் 12

அன்புள்ள உங்களுக்கு,

விளையாட்டைச் சரிசெய்துவிட்டேன். இனி ஒருவர்தான் ஜெயிக்க முடியும். சோதித்துப் பார்க்க நானும் அவளும் ஆடினோம், தோற்றுவிட்டாள். அப்படியே என் மடியில் விழுந்து அழுதாள். விளையாட்டுக்கு அழுகிற அழுகை இல்லை அது. நான் அடக்கவில்லை.

அழுது முடித்து, "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்டாள். நீங்கள் போனதிலிருந்து அவள் இதைக் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

நான்