குமிழிகளை அழிக்கவில்லை

ஆகஸ்ட் 11, திங்கள்

தெற்கேயிருந்து சோளகக் காற்று, கண்ணெல்லாம் மணல். காலையில் மறுபடியும் கூடப்பிறந்த அண்ணனின் விசைப்படகில் தேடல். சனிக்கிழமை போலவே வெறுங்கை.

தொலைந்தது எங்கள் கடலாய்வு ஆபீஸின் அலைமானி, ஒலியால் அலையை அளக்கும் கருவி. எட்டு மீட்டர் ஆழத்தில், இரும்புச் சட்டத்தில் கட்டி, கடல் தரையில் வைத்தது. மேலே மிதவை, சிவப்புக் கொடி. போன வியாழன் விடிந்து பார்த்தால் கொடி இல்லை. கொடியைச் சுற்றிப் போட்டிருந்த நாட்டுப்படகு முத்துராக்கு அண்ணனின் நண்டு வலைகளும் நார் நாராக.

வியாழன் நாட்டுப்படகு நாள். விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி மட்டும். ஊர் ஊராகப் பேசி ஒத்துக்கொண்டது. யாரோ மீறியிருக்கிறார்கள்.

அங்கே வலை போடச் சொன்னதே நான்தான். "கொடிப் பக்கம் விசைப்படகு வராது, என் அண்ணனிடம் இடத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்" என்று பெருமையாக.

தேடப் போனபோது அண்ணன் அதே தாளைப் பார்த்து ஜி.பி.எஸ்.ஸில் இடம் பிடித்தார். நான் வாந்தி எடுத்துக்கொண்டு மூலையில். ஆபீஸ் ஜி.பி.எஸ். பையிலேயே கிடந்தது. அண்ணன் ஓட்டும்போது அது எதற்கு?

"நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும் செல்வி. விட்டுரு. ஒடம்பப் பாரு" என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நல்ல அண்ணன்.

மாலை, ஆபீஸ் சுவருக்கான வேலை. பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள், ஒலியால் அலையை அளந்த கதையை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். இதுவரை எழுதியது:

— முதலில் கண் மதிப்பு. கப்பலில் நின்று "ஓர் ஆள் உயரம்" என்று குறித்தார்கள். பயந்தவனுக்குப் பெரிய அலை.
— பிறகு கோடு போட்ட கம்பம். புயலில் கம்பமே போய்விடும்.
— கப்பலிலிருந்து கீழே ஒலி அனுப்பி ஆழம் பார்த்தார்கள். எதிரொலி திரும்பும் நேரத்தில் பாதியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம்.
— அப்புறம் ஒருவருக்குத் தோன்றியது: கருவியைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் வைத்தால்?

நல்ல யோசனை. தொலையாமல் இருந்தால்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

பஞ்சவர்ணம் அக்கா வாசலில். முத்துராக்கு அண்ணனின் மனைவி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "ஞாயித்துக்கெழம கூட்டம். நாங்களே வலையக் கிழிச்சுக்கிட்டு பழி போடுறோமாம். விசைப்படகுக்காரங்க பேசுறாங்க. ஒன் பேச்சக் கேட்டுத்தானே செல்வி அங்கிட்டுப் போட்டோம்?"



பத்து மணிக்கு முத்துராக்கு அண்ணன் ஆள் அனுப்பினார். "இன்னைக்கு எங்க நாளு. வா தாயி, ஒரு தடவ பாத்துருவோம்." இந்த முறை ஆபீஸ் ஜி.பி.எஸ். என் கையில். வாந்தி வந்தபோதும் கீழே வைக்கவில்லை.

இடம் வந்ததும் குதித்தார். இரண்டாவது முக்குளிப்பில் மேலே வந்து, "இங்கனயே கெடக்கு. சாஞ்சு கெடக்கு" என்றார்.

நான் எழுதிக் கொடுத்த அதே எண். கை நீட்டினால் தொடும் தூரம்கூட நகரவில்லை. மிதவைக் கயிறு மட்டும் அறுந்திருக்கிறது, கத்தியால் வெட்டிய வெட்டு. புதுக் கயிறு கட்டிக் கருவியைப் படகில் ஏற்றினார்.

அங்கிருந்து கரையைப் பார்த்தேன். ஊர்த் தண்ணீர்த் தொட்டி வலது கைப் பக்கம். அண்ணனோடு தேடிய இரண்டு நாளும் அது இடது கைப் பக்கம் இருந்தது.

திரும்பும் வழியிலும் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். "என்ன தாயி, கெடச்சும் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

கருவியைத் திறந்தேன். ஈரம் ஏறவில்லை. பதிவு முழுசாக இருக்கிறது.

வியாழன் விடியல். 4.50 வரை சீரான சின்ன அலை. அப்புறம் திரையில் கறுப்புத் திட்டு. படகின் அடியில் சுழலும் காற்றாடி கலக்கிவிட்ட குமிழிகள். மேலே போன ஒலி நீர்மட்டத்தைத் தொடாமல் குமிழியிலேயே பட்டுத் திரும்பியிருக்கிறது.

ஒரு திட்டு என்றால் விட்டிருப்பேன். புதன் போன விசைப்படகு வியாழன் விடியலில் மடி வலையைத் தூக்கிக்கொண்டு கரை திரும்புவது வழக்கம்தான். ஆனால் மூன்று திட்டுகள், ஒன்றேகால் மணி நேரத்தில். போய், திரும்பி, போய். மடியை இழுத்திருக்கிறான். மூன்றாவதில் மடி கயிற்றில் மாட்டி, கருவி சாய்ந்தது, 6.05.

சென்னைத் தலைமை ஆபீஸ் சாரிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "பபிள் வந்த இடத்தையெல்லாம் எடுத்துடுங்கம்மா. நமக்கு அலை மட்டும் போதும்." எப்போதும் செய்வதுதான். மூன்று தடவை மவுசை அழுத்தினால் போய்விடும்.

சுவருக்கு இன்னொரு வரி: ஆரம்பத்தில் குமிழிகளைக் குப்பை என்று தள்ளினார்கள், பிறகுதான் குப்பையிலும் செய்தி இருப்பது தெரிந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணன் வந்தான். 'வந்தார்' என்று எழுத வரவில்லை. பை நிறைய ஊளி மீன். "கெடச்சிருச்சாமே?" என்றான், சிரித்தபடி.

"கிடைத்தது."

"அந்தப் பொட்டியில என்னென்ன தெரியும்?"

"அலை. படகு வந்தால் வந்த நேரம்."

கையில் டீ டம்ளர். குடிக்கவில்லை. "எந்தப் படகுன்னு காட்டுமா?"

"காட்டாது."

தோள் இறங்கியது. பார்த்தேன். ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு, "ஊளிய இன்னைக்கே கொழம்பு வச்சுரு, கெட்டுப்போவும்" என்றான்.

இவன் கடலுக்குப் போய்த்தான் நான் காலேஜ் போனேன். அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் திரும்பும் வரை நிற்பான். அதையும் இதையும் எப்படி ஒரே ஆளில் வைப்பது? வாந்தி எடுத்துக் கிடந்தவளை இரண்டு நாள் வேறு கடலில் சுற்றிக் காட்டியிருக்கிறான். அப்புறம் இளநீர் வேறு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆபீஸில் கொடி. மிட்டாய். வாட்ச்மேன் பேத்தி பாட்டு.

நிரூபித்தால் அண்ணன் படகைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். எத்தனை நாளோ. அண்ணி, பிள்ளைகள். சொல்லாவிட்டால் முத்துராக்கு அண்ணன் பொய்யர், பஞ்சவர்ணம் அக்கா பொய்க்காரி.

மூன்று திட்டையும் அழிக்கவில்லை. பிரிண்ட் எடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். காற்று இல்லை.

கூட்டம் ஐஸ் கம்பெனிக் கொட்டகையில். இரண்டு பக்கமும் ஆட்கள். தாளை நீட்டினேன், மூன்று திட்டையும் காட்டி நேரத்தை வாசித்தேன். விசைப்படகுப் பக்கம் ஒருவர், "யாரு படகுன்னு அது சொல்லுதாம்மா?"

"சொல்லாது."

சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். பஞ்சவர்ணம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அது சொல்லாது. நான் சொல்றேன்" என்றேன். தேடப் போன இரண்டு நாளையும் சொன்னேன், தண்ணீர்த் தொட்டி எந்தக் கைப் பக்கம் இருந்தது என்பதையும். பிறகு அண்ணன் பெயரை.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து, செருப்பைத் தேடாமல், வெறுங்காலோடு போனான்.

செருப்பை எடுத்து வந்திருக்கிறேன். ஊளி இன்னும் பிரிட்ஜில்.