ஆண்டவருக்கு அடுத்த இடத்தில்

இன்று காலை நான் முதலில் செய்தது, உங்கள் பக்கம் திரும்பிப் படுத்து, "ஏங்க, மழை வந்துட்டு" என்று சொன்னதுதான். தூக்கமும் விழிப்பும் பிரியாத வேளை. ஜன்னல் வழியாகக் கரிசல் நனைந்த மணம் வந்துகொண்டிருந்தது. ஐப்பசியின் முதல் மழை. பருத்தி ஆலையிலிருந்து புருவமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு, அலுத்துச் சலித்து வருகிற நீங்கள், அந்த மணத்துக்கு மட்டும் சின்னப் பிள்ளைபோல வாசலுக்கு ஓடுவீர்கள். பதில் வராதபோதுதான் கட்டிலில் நீங்கள் இல்லாதது நினைவுக்கு வந்தது. அதற்கும் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. நாளின் முதல் சொல்லை உங்களிடம் சொல்லிவிட்டிருக்கிறேன்.

நீங்கள் அப்படிச் செய்ததே இல்லை. கல்லூரியில் படித்து, அன்பைப் பற்றி எதையெல்லாமோ வாசித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தவள் நான். கண்விழித்ததும் என்னோடு பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ எழுந்ததும் மூலையில் முழங்காலிட்டு, ஆண்டவரோடு பேசி முடிக்கும்வரை வேறு யாரிடமும் வாய் திறக்க மாட்டீர்கள். ஒருநாள் கொடியில் காய்ந்த என் கல்யாணப் புடவையைப் பக்கத்து வீட்டு ஆடு மென்றுகொண்டிருந்தது. எனக்கோ சோற்றுப்பானையைச் சரித்துக் கஞ்சி வடிக்கிற நேரம், கையை எடுக்க முடியாது. "ஏங்க, ஆடு! ஏங்க!" என்று கத்தினேன். நீங்கள் ஒரு விரலை மட்டும் உயர்த்தினீர்கள். ஆமென் சொன்ன பிறகு திரும்பி, "எந்த ஆடு?" என்றீர்கள்.

வந்திருந்த உங்கள் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏட்டி, அவன் ஆண்டவருக்கு எப்பவோ வாக்கப்பட்டுட்டான். நீ ரெண்டாந்தாரம்தான், தெரிஞ்சுக்கோ."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே தங்கிவிட்டது. பிறகொருநாள் கேட்டேவிட்டேன்: "உங்களுக்கு நான் ரெண்டாவதுதானா?" நீங்கள் மழுப்பவில்லை. "ஆமா" என்றீர்கள். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டுதான் வெகுகாலம் குடித்தனம் நடத்தினேன்.

நம் மகள் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் விடியல் எனக்கு எப்போதும் ஓசையில்லாமல்தான் நினைவுக்கு வருகிறது. கோயில் மணி அடித்திருக்கும், ஆலைச் சங்கு ஊதியிருக்கும். எதுவும் என் காதில் விழவில்லை. வெறும் தொட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தேன். நீங்கள் எழுந்து மூலைக்குப் போய் முழங்காலிட்டீர்கள். இன்றைக்குமா என்று வெறுப்பு வந்தது. ஆனால் போன வேகத்திலேயே எழுந்து வந்தீர்கள். என் அருகே தரையில் உட்கார்ந்து, என் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"என்ன, உங்க ஆண்டவர் இன்னைக்கு உங்ககிட்ட பேசலியா?" என்றேன்.

"பேசத்தான் போனேன். 'அவ அங்கன தனியா கெடக்கா, நீ இங்கன என்ன செய்யுத'ன்னு அனுப்பிட்டாரு."

பிறகு நீங்களே சொன்னீர்கள்: "உன்னை முதல்ல வச்சிருந்தா, இன்னைக்கு உன் மொகத்தப் பாக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது. எங்கயாவது ஓடியிருப்பேன்."

உங்கள் அன்பு உங்களுக்குள்ளிருந்தே ஊறி வந்ததாக இருந்தால், அந்தக் காலையில் வற்றிப்போயிருக்கும். வேறோரிடத்திலிருந்து வந்ததால்தான் எனக்கும் மிச்சமிருந்தது. அதன்பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நீங்களும் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு, உங்களிடம் வருகிறேன். "டீச்சரைப் போல ஒரு பொஞ்சாதி உண்டுமா?" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார்கள்.

"டீச்சர், திருவேங்கடத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரு. பள்ளிக்கூடம் கட்டியாச்சு, பிள்ளைகளும் இருக்கு. வார வாத்தியார் எல்லாம் ஒரு மழைக்கே பெட்டியைத் தூக்கிருதாக. நீங்க போய்த் தங்குவீங்களா?"

"அவுகளை இங்கன விட்டுட்டு நான் எப்படிங்கய்யா போவேன்?"

போதகர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தப் பதிலில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. இன்று காலைதான் அது கலைந்தது. ஜெபத்தில் "ஆண்டவரே" என்று தொடங்கிவிட்டு, இத்தனை நாளும் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களை முதலில் வைத்தேன். என் உலகம் ஒரு கல்லைச் சுற்றி வரும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த ஊரில் பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஓடியிருப்பேன் என்றீர்களே, இதுவும் ஓட்டம்தான் போலிருக்கிறது. இருந்த இடத்திலேயே ஓடுகிற ஓட்டம்.

மழை விடும்வரை முழங்காலில் இருந்தேன். எழுந்தபோது உங்கள்மேல் இருந்த அன்பில் ஒரு துளியும் குறையவில்லை. ஆண்டவருக்கு அடுத்த இடத்தில் வைத்தபோது, உங்களை நினைப்பது லேசாகத்தான் இருந்தது. என்னை அங்கே வைத்தபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? அப்படியானால் நீங்கள் சொன்ன அந்த "ஆமா" எவ்வளவு பெரிய சொல்!

கிறிஸ்துமஸ் முடிந்ததும் திருவேங்கடம் பக்கம் போகப்போகிறேன். மனுஷர் யாருக்கும் இன்னும் தெரியாது. "பொம்பளை ஒத்தையிலயா?" என்று உங்கள் அக்கா சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மழை பெய்தால் கரிசல் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், அங்கே பஸ்ஸும் வராதாம். நினைத்தபோது இங்கே வர முடியாது.

இனிச் சாயங்காலங்களில் என்னைத் தேடாதீர்கள்.