ஒரு குழந்தைக்கு இரண்டு படம்

3.6.2002, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது. பால் திரிந்துவிட்டது, கடுங்காப்பிதான்.

நூலகத்து வசுமதி அம்மா மறுபடி போன். என் குழந்தைப் புத்தகப் படங்கள் எல்லாம் அவர்களிடம் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது அதற்கு முந்தியது வேண்டுமாம். பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது வரைந்த லேபிள், விளம்பரம். தனியாகப் பாதுகாத்து வைப்பார்களாம். "ஒண்ணும் மிச்சமில்லம்மா" என்றேன். "ராயபுரம் பிரஸ்காரர்கிட்ட பேசிட்டேன் சார். குடோன்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்காம்" என்கிறார். சனிக்கிழமை வருகிறார்.

ஞாபகம் வந்த வரை: பல்பொடி (யானை). ஊதுபத்தி (மயில்). சேமியா. குடை. வலை நூல்கண்டு. கொசுவத்தி. குழந்தை மாவு.

கடைசியை எழுதியதும் எழுந்துவிட்டேன். மனைவி சரோஜாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கணும்.

4.6, செவ்வாய்

கா. 10, ராயபுரம். வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே. பிரஸ் மூடி நாலு மாசம். பழைய முதலாளியின் மகன் குடோனைக் காலி செய்கிறார். "எடுத்துகினு போங்கண்ணே, இல்லாங்காட்டி பழைய பேப்பர்காரன் வந்துடுவான்."

பெட்டியில் கரப்பான் முட்டை, நாப்தலின். யானை பத்திரம். மயிலின் தலையைப் பூச்சி தின்றுவிட்டது. அடியில் குழந்தை மாவு லேபிள். அதற்கும் அடியில் அந்த இன்னொரு படம்.

யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. மாவு டப்பாவுக்குக் குழந்தை முகம் வேண்டும் என்றார் முதலாளி. மெஷின் ஓட்டும் மாணிக்கம் அண்ணன் தன் மகன் ஏழுமலையைத் தூக்கி வந்தார். பத்து மாசம். கல்லுமாதிரி கருப்பு, எண்ணெய் வழியும் தலை. மேசைமேல் உட்காரவைத்து வாட்டர் கலரில் வரைந்தேன். நன்றாக வந்தது. முதலாளி பார்த்தார். "இந்தக் கலர்ல புள்ள இருந்தா எவன்யா டப்பா வாங்குவான்?"

மறுநாள் வேறு தாளில் ரோஸ் கலரில் போட்டேன். முடியைச் சுருட்டையாக்கினேன். அரை நாள் வேலை.

அதை அச்சடித்தது மாணிக்கம் அண்ணன்தான். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. ஒவ்வொரு கலராகத் தன் மகன் வேறு பிள்ளையாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் காய்ச்சலில் ஏழுமலை போய்விட்டான். நான் சாவுக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன்.

என் புத்தகங்களில் எல்லாப் பிள்ளைகளும் கருப்பு. ஏன் என்று கேட்பார்கள். ஏதாவது சொல்லி வைப்பேன்.

5.6, புதன்

சரோஜாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்த ஏன் இத்தினி நாளா முழுங்கிகினு இருந்த?"

"இன்னான்னு சொல்றது."

"அவங்க வூட்ல அந்தப் புள்ள போட்டோ எதுனா கீதா?"

தெரியாது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் போகும் வசதி யாருக்கு இருந்தது?

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் புரிந்துவிடும், நான் என்ன செய்தேன் என்று. பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சரோஜா சாவியைப் பிடுங்கித் திறந்தாள்.

6.6, வியாழன்

முதலாளி மகனுக்கு போன். மாணிக்கம் அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாம். மனைவி தனம் எர்ணாவூரில், மகளோடு. விலாசம் கிடைத்தது. வயிற்றுக்கோளாறு, மோர் சாதம் மட்டும்.

7.6, வெள்ளி

திருவொற்றியூர் வரை பஸ். அப்புறம் ஷேர் ஆட்டோ. கன்டெய்னர் லாரிகள் வரிசை, வாயெல்லாம் மண்.

மூன்றாவது மாடி. தனம் அண்ணிதான் கதவைத் திறந்தார். "ஆர்டிஸ்ட்டு தானே நீ? தலையெல்லாம் கொட்டிப்போச்சி" என்றார். மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

சாமி படங்களுக்கு நடுவில் அந்த மாவு டப்பா. துருப்பிடித்து, லேபிள் பாதி கிழிந்து. ரோஸ் கலர் குழந்தையின் நெற்றியில் ஈரம் காயாத குங்குமம்.

கையில் இருந்த முதல் படத்தைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்.

"யாரு இது?"

"ஏழுமலை, அண்ணி."

படத்தில் காது மடலைத் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெத்தவ நானு. அந்த டப்பாவயே பாத்துப் பாத்து எம்புள்ள மூஞ்சிய மறந்துட்டேன்யா."

முதலாளி சொன்னார், நான் மாற்றினேன் என்றேன். அதற்கு அவர் கோபப்படவில்லை.

"அது போவட்டும். அவன் செத்தப்ப இத்த ஏன் எடுத்தாந்து குடுக்கல?"

"பிரஸ்லயே தங்கிடுச்சி. முதலாளி குடுத்திருக்க மாட்டாரு."

"கேட்டியா?"

"கேக்கல."

"வச்சிட்டுப் போ" என்றார். தண்ணீர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இறங்கி வந்தேன்.

8.6, சனி

வசுமதி அம்மா வந்தார். கையில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூச்சி தின்ற மயிலுக்குக்கூட வருத்தப்பட்டார். லேபிளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "சார், அந்த ஒரிஜினல்?"

"எர்ணாவூர்ல. அது அவங்களோடது."

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"அவங்களைத்தான் கேக்கணும்."

சரி என்று குறித்துக்கொண்டார். சரோஜா வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். அவர் சைவம். ஒரே சங்கடம். தயிர் வாங்க ஓடினேன்.

9.6, ஞாயிறு

வெயிலே இல்லை, மேகம். மா. 4 வாக்கில் கதவைத் தட்டினார்கள். தனம் அண்ணியும் மகளும், முதலாளி மகனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு. மகள் கையில் படம், பிளாஸ்டிக் கவரில்.

திருப்பிக் கொடுக்க வந்தார்கள் என்று நினைத்தேன்.

"ராத்திரி பூரா தூங்கல. எல்லாம் ஞாபகம் வந்துட்சி" என்றார் அண்ணி. "இடுப்புல அர்ணாக்கொடி இருந்துச்சி அவனுக்கு. நீ போடவேயில்ல. போட்டுக் குடு."

பழைய தாள் அண்ணி, கை வைத்தால் கெட்டுப்போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். சரோஜா பிரஷ்ஷும் கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அண்ணி தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "இன்னும் கீழ. தொப்பைக்குக் கீழ. தாயத்து ஒண்ணு, அவுங்கப்பா கட்னது. அவ்ளோ பெர்சு இல்ல. ஆங், அவ்ளோதான்." பிறகு வாய். சிரித்தால் கீழே இரண்டு பல் தெரியுமாம். நான் வாயை மூடி வரைந்திருந்தேன். அதையும் திறந்தேன். மகள், அண்ணன் முகத்தை இதுவரை பார்க்காதவள், குனிந்து பார்த்தபடியே இருந்தாள்.

காயட்டும் என்றேன். கேட்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். அர்ணாக்கொடியின் கருப்பு விரலில் ஒட்டிக்கொண்டது. விரலைப் பார்த்தார். பிறகு அந்த ஈர விரலாலேயே குழந்தையின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"கண்ணு படும்" என்றார்.