பச்சை பிடித்த தண்ணீர்

மாசி 3, செவ்வாய்
வாடைக்காற்று தணிந்தது. உப்பு லாரி போயாயிற்று. உப்பளத்தில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்னறையை எட்டிப் பார்த்தேன். முத்துச்சிப்பி ஆராய்ச்சி செய்யும் ரெஜினா அம்மாவுக்கு நான் விட்டுக்கொடுத்த அறை. அவர் ஊரில் இல்லை, நாளை வருவார். ஒன்பது கண்ணாடிக் குடுவையிலும் கடல்தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது. அளத்தில் தண்ணீர் இப்படிப் பச்சையானால் உப்பு கெடும். கிட்டங்கி பெருக்கும் வேலம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவச் சொன்னேன். பளிங்காகிவிட்டது. ஏதோ நம்மால் ஆன உதவி.

புதன்
ரெஜினா அம்மா வந்து பார்த்தார். கத்தவில்லை. கழுவிய குடுவை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி, அது அழுக்கில்ல. கண்ணுக்குத் தெரியாத பயிரு. சிப்பிக் குஞ்சுகளுக்கு அதான் சாப்பாடு."

அறை மூலையில் இருக்கும் தொட்டி நிறைய குஞ்சுகள், தூசி அளவு. இரண்டு மாதப் பாடு. இனிப் பட்டினி.

வேலம்மாள் சும்மா இருப்பாளா? "அம்மா வரட்டும்னு அப்பவே சொன்னேன். முதலாளி சொல்லுதாரு, உப்புக்காரனுக்குத் தெரியாத தண்ணியாங்காரு!"

சொன்னேன்தான்.

ரெஜினா அம்மா ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தார். உள்ளே பச்சை. விதைநெல் போல ஒதுக்கி வைத்திருக்கிறார்! கெட்டிக்காரி. எனக்கே அந்தப் புத்தி வந்திராது.

பயிர் என்றால் உரம் வேண்டுமே, சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை தருகிறேன் என்றேன்.

"மூட்டையா! சிட்டிகை போதும் அண்ணாச்சி. கூடிப்போச்சுன்னா பயிரே அழுகிரும்."

நைட்ரேட், பாஸ்பேட், துளி இரும்பு. பொன் நிறுப்பதுபோல் நிறுத்தார். புதுக் கடல்தண்ணீரில் கலந்தார். குடுவைக்கு ஒரு கரண்டி விதை. குடுவைகளை வெளிச்சத்தில் வைத்தார்.

வெள்ளி
தண்ணீர் இன்னும் வெளுப்புதான். குப்பியில் மிச்சமிருந்ததைச் சொட்டுச் சொட்டாகக் குஞ்சுகளுக்கு விடுகிறார். பாதி செத்துவிட்டன. மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

கேட்டேன்: "கடலுக்கு யாரும்மா உரம் போடுதா?"

"ஆத்து வெள்ளம் கொண்டாரும். காத்தடிச்சா அடியில கெடக்குற சத்து மேல வரும். வெயில் பட்டா பயிரு. அதைத் தின்னுதான் சாளை, நெத்திலி எல்லாம்."

உப்புக்கு வருமுன் இருபது வருஷம் கருவாடு விற்றவன் நான். மீன் என்ன தின்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உழாத வயல், விதைக்காத பயிர், அத்தனை பெரிய கடல் முழுக்க!

ஞாயிறு
மாதா கோயில் பூசை முடிந்து ரெஜினா அம்மா நேரே இங்கேதான் வந்தார். நானும் இருந்தேன். ஏழு குடுவையில் இளம்பச்சை. இரண்டு தேறவில்லை.

வேலம்மாள்: "முதலாளி, கழுவணுமா?"

கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினேன்: யாரும் தொடக்கூடாது. முதலாளி உட்பட.

திங்கள்
நல்ல வெயில். லாரி வரவில்லை, கிடக்கட்டும். காலையில் பயிர்த்தண்ணீரைத் தொட்டியில் விட்டார். மத்தியானம் பூதக்கண்ணாடிக் குழாயில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு குஞ்சு சுழன்று சுழன்று நீந்துகிறது. கண்ணாடி உடம்பு. வயிற்றில் ஒரு பச்சைப் புள்ளி.